கணக்குக் காட்டாதவரின் அத்தை மகன்

உத்திரமேரூர் என்ற பெயரைக் கேட்டால் நம்மில் பலருக்கு முதுகு தானாக நிமிர்ந்துகொள்ளும். உலகம் காட்டில் திரிந்தபோதே நாம் வாக்குப் பெட்டி வைத்துவிட்டோம் என்று தொடங்கும் செய்தி வாட்ஸப்பில் பொங்கலுக்கு ஒரு தடவை, குடியரசு தினத்துக்கு ஒரு தடவை, தேர்தல் வந்தால் நாளுக்கு நாலு தடவை வந்துசேரும். நான் படித்த காலத்தில் குடவோலை ஐந்து மதிப்பெண் கேள்வி. படம் போட்டால் கூட ஒன்று கிடைக்கும் என்று நம்பி நானும் ஒரு குடம் வரைந்தேன். அது சொம்பு மாதிரி வந்தது. வாத்தியார் பக்கத்தில் சிவப்பு மையால் ஒரு கேள்விக்குறி போட்டுவிட்டுப் போனார்.

பல வருஷம் கழித்து, அந்தக் கேள்விக்குறிக்குப் பதில் சொல்லலாம் என்று கல்வெட்டின் வாசகத்தை முழுசாக உட்கார்ந்து படித்தேன். மக்களாட்சியின் மாண்பு பற்றி ஏதாவது இருக்கும் என்று எதிர்பார்த்தேன். ஒரு வரி இல்லை. அங்கே இருப்பது, திரும்பத் திரும்ப ஏமாந்து, இனி ஏமாறுவதில்லை என்று கங்கணம் கட்டிக்கொண்ட ஒரு ஊர்க் கமிட்டியின் புலம்பல். புலம்பலைக் கல்லில் வெட்டி வைத்ததுதான் அவர்கள் செய்த புதுமை.

கல்யாண மண்டபத்தின் சமையல்கட்டில் ‘புறப்படுமுன் அண்டாக்களை எண்ணி ஒப்படைக்கவும்’ என்று பலகை மாட்டியிருந்தால் என்ன அர்த்தம்? முன்பு ஏதோ ஒரு முகூர்த்தத்தில் ஓர் அண்டா சம்பந்தி வீட்டாரோடு பஸ் ஏறிப் போயிருக்கிறது என்று அர்த்தம். உத்திரமேரூர்க் கல்வெட்டை இந்தக் கண்ணோடு படிக்க வேண்டும். விதி ஒவ்வொன்றும் ஓர் அண்டா.

முதலில் சங்கதி. ஆட்சியில் இருந்தவர் முதலாம் பராந்தகச் சோழன். ‘மதிரை கொண்ட’ என்று பட்டம். அதாவது மதுரையைப் பிடித்தவர். அவருடைய 12-ஆம் ஆட்சியாண்டில், 919-இல், உத்தரமேரு சதுர்வேதிமங்கலத்து மகாசபை கூடுகிறது. அரசாணையோடு தத்தனூர் மூவேந்தவேளான் என்ற அதிகாரி வந்து கூடவே உட்காருகிறார். ஊர் வாரியங்களுக்கு ஆள் எடுப்பது எப்படி என்று ஒரு ‘வியவஸ்தை’, அதாவது ஏற்பாடு, செய்கிறார்கள். வைகுண்டப் பெருமாள் கோயிலில் கல்வெட்டும் ஆயிற்று. எல்லாரும் வீட்டுக்குப் போனார்கள்.

இத்தோடு கதை முடிந்திருந்தால் நானும் வாட்ஸப் கட்சியில் சேர்ந்திருப்பேன். இரண்டே வருஷம். 921-இல் மறுபடியும் சபை கூடுகிறது. மறுபடியும் அரசாணை. இந்தத் தடவை சோழநாட்டிலிருந்து வேறோர் அதிகாரி, சோமாசிபெருமான் என்பவர், வந்து உட்காருகிறார். மறுபடியும் அதே விஷயம், அதே கோயில், புதுக் கல்வெட்டு, முந்தியதைவிட நீளம்.

பாண்டியனை விரட்டிய ராஜா, ஏரிக்குத் தூர் வாரப்போகும் ஆறு பேரை எப்படிப் பொறுக்குவது என்பதற்காக இரண்டு வருஷத்துக்குள் இரண்டு தடவை ஆள் அனுப்பியிருக்கிறார். மதுரை அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

இரண்டு கல்வெட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எது மாறியிருக்கிறது என்று பார்ப்பது ஒரு தனி சுகம். முதல் கல்வெட்டில் வாரியத்துக்கு வயது வரம்பு 30-க்கு மேல், 60-க்குள். இரண்டாவதில் 35-க்கு மேல், 70-க்குள். உத்தியோகபூர்வமான காரணம் எதுவும் எழுதவில்லை. என் யூகம் இது: இந்த இரண்டு வருஷத்துக்குள் சபையில் கனமான ஒருவருக்கு சஷ்டியப்தபூர்த்தி நடந்திருக்கிறது. மாலையும் கழுத்துமாக உட்கார்ந்திருந்தபோதுதான், நாளையிலிருந்து நமக்கு வாரியம் கிடையாது என்று உறைத்திருக்கிறது. கீழே 35 ஆக்கியதற்கும் காரணம் தேட வேண்டுமென்றால், அவருக்குப் பிடிக்காத ஒரு 32 வயதுக்காரர் ஊரில் இருந்திருக்க வேண்டும்.

மற்றத் தகுதிகள்? வரி கட்டும் நிலம் கால் வேலிக்கு மேல் இருக்க வேண்டும். சொந்த மனையில் வீடு கட்டிக் குடியிருக்க வேண்டும். ஆகவே வாடகை வீட்டுக்காரர்கள் அப்போதே அவுட். இதை நான் கொஞ்சம் சொந்தக் கசப்போடுதான் குறித்துக்கொண்டேன். வேதம் தெரிந்திருக்க வேண்டும், தெரிந்தால் போதாது, பிறருக்குச் சொல்லிக்கொடுக்கத் தெரிய வேண்டும். நிலம் அரைக்கால் வேலிதான் என்றாலும், ஒரு வேதத்தோடு ஒரு பாஷ்யமும் விளக்கிச் சொல்வாரானால் சேர்த்துக்கொள்ளலாம். ஏழைப் புலவருக்குப் பாதிக்குப் பாதி தள்ளுபடி மாதிரி. காரியத்தில் நிபுணராக இருக்க வேண்டும். அர்த்த சௌசம், ஆன்ம சௌசம் இரண்டும் வேண்டும். பணத்திலும் சுத்தம், மனத்திலும் சுத்தம். பணம் முதலில் வருகிறது, கவனிக்கவும். கடைசியாக, கடந்த மூன்று வருஷத்தில் எந்த வாரியத்திலும் இருந்திருக்கக் கூடாது. ஒரு நாற்காலியில் ஒருவர் இடைவெளி விடாமல் உட்கார்ந்தால் நாற்காலி அவர் உடம்பில் ஓர் உறுப்பாகிவிடும் என்பதை அந்த ஊர் எப்படியோ கண்டுபிடித்திருக்கிறது.

இப்போது நம் கதாநாயகருக்கு வருவோம். வாரியத்தில் இருந்தார், கணக்குக் காட்டவில்லை. பெயர் தெரியாது. ஆனால் இரண்டாம் கல்வெட்டின் பாதி அவருக்காக எழுதப்பட்டது.

முதல் கல்வெட்டு இந்த விஷயத்தில் வெகு நாகரிகமாக நடந்துகொண்டது. வாரியம் செய்து ஓய்ந்த பெருமக்களுக்கு ‘அணைய பந்துக்கள்’, அதாவது நெருங்கிய உறவினர், வரக் கூடாது என்று ஒரே மூச்சில் முடித்துவிட்டது. படித்த மனிதர்கள், நாலு வேதம் தெரிந்தவர்கள், நெருங்கிய உறவு என்றால் புரிந்துகொள்ள மாட்டார்களா என்று மூவேந்தவேளான் நினைத்திருப்பார். பாவம், வெளியூர்க்காரர்.

அடுத்த வருஷம் மண்டபத்தில் என்ன நடந்திருக்கும் என்று கற்பனை செய்து பார்க்கிறேன்.

“ஓய், ஓலையில் உம்ம மருமான் பெயர் இருக்கிறதே. நீர் இப்போதுதானே ஏரி வாரியத்திலிருந்து இறங்கினீர்?”

“இறங்கினால் என்ன? மருமான் அணைய பந்து இல்லையே.”

“தங்கை பிள்ளை பந்து இல்லாமல் வேறு யாரங்காணும் பந்து?”

“பேச்சுவார்த்தை கிடையாது. தங்கை கல்யாணத்தில் வந்த மனஸ்தாபம். நாலு வருஷமாக நான் அந்த வீட்டில் கை நனைத்ததில்லை. இதை நெருங்கிய உறவு என்று எந்த சாஸ்திரம் சொல்கிறது, எடும் பார்ப்போம்.”

“சரி, அது போகட்டும். அதற்குக் கீழே உம்ம அத்தை பிள்ளை பெயர்?”

“அத்தை பிள்ளை எல்லாம் பந்துவில் சேர்த்தியா? அப்படிப் பார்த்தால் இந்த மண்டபத்தில் பந்து இல்லாதவர் யார்? உம்ம அகத்துக்காரிக்கும் எனக்குமே ஒரு முறை உண்டு.”

நாலு பாஷ்யம் படித்தவர்களிடம் ‘நெருங்கிய’ என்ற சொல்லைக் கொடுத்துவிட்டுச் சும்மா இருக்க முடியுமா? எது நெருக்கம், எது தூரம், எது முறை, எது முறையின்மை என்று இரண்டு வருஷம் உரை சொல்லித் தள்ளியிருப்பார்கள். சோமாசிபெருமான் வந்து இறங்கியதும் முதல் வேலையாக அந்தச் சொல்லைத் தூக்கிக் கிணற்றில் போட்டார். பெயர் சொல்லியே அடிப்போம் என்று உட்கார்ந்தார்கள்.

விளைவுதான் தமிழ்க் கல்வெட்டுகளிலேயே அற்புதமான அந்தப் பட்டியல். கணக்குக் காட்டாதவரின் பெயரை ஓலையில் எழுதக் கூடாது. அவரோடு, அவருடைய சிற்றவை பேரவை பிள்ளைகள் பெயரையும் எழுதக் கூடாது. சித்தி, பெரியம்மா பிள்ளைகள்தான். அத்தை பிள்ளைகள் கூடாது. மாமன் பிள்ளைகள் கூடாது. அம்மாவோடு பிறந்தவன் கூடாது, அப்பாவோடு பிறந்தவன் கூடாது, தன்னோடு பிறந்தவன் கூடாது. பெண் கொடுத்த மாமனார் கூடாது. மனைவியோடு பிறந்தவன் கூடாது. தன் சகோதரியைக் கட்டியவன் கூடாது, சகோதரியின் பிள்ளைகள் கூடாது. மகளைக் கட்டிய மருமகன் கூடாது. தகப்பன் கூடாது. மகன் கூடாது.

தகப்பனும் மகனும் கடைசியில் வருவதைப் பாருங்கள். உறவு என்றதும் சாதாரண மனிதனுக்கு முதலில் ஞாபகம் வருவது அப்பாவும் பிள்ளையும்தானே? சபைக்கு முதலில் ஞாபகம் வந்தது சித்தி பிள்ளை. எந்த வரிசையில் தலைவலி வந்ததோ அந்த வரிசையில் எழுதியிருக்கிறார்கள் என்று நான் நினைக்கிறேன். ஒவ்வொரு உறவைச் சொல்லும்போதும் மண்டபத்தில் ஒருவர் முகம் தொங்கியிருக்கும். பக்கத்தில் இருந்தவர் அவரைப் பார்க்காத மாதிரி விட்டத்தைப் பார்த்திருப்பார்.

கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கப்போகிறவர்கள்கூட இவ்வளவு கவனமாக உறவுகளைக் கணக்கெடுக்க மாட்டார்கள். அப்படியும் இரண்டு பேர் விட்டுப்போனார்கள். நான் விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். சம்பந்தி இல்லை. சகலை இல்லை. மருமகனைத் தடுத்தவர்கள் மருமகனைப் பெற்றவரைத் தடுக்கவில்லை. மச்சினனைத் தடுத்தவர்கள் மச்சினியைக் கட்டியவரைத் தடுக்கவில்லை. சட்டத்தில் ஓட்டை என்று முதலில் துள்ளினேன். பிறகு யோசித்தால், அது அனுபவ ஞானம். மாமனார் யாருக்கு அதிகம் செய்தார் என்ற பிணக்கு இருக்கும்வரை இரண்டு சகலைகள் சேர்ந்து ஓர் ஏரியைத் தின்ன முடியாது. ஒருவர் தின்றால் மற்றவர் ஊரைக் கூட்டிவிடுவார். சம்பந்திகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

மனைவியும் பட்டியலில் இல்லை. அது வேறு காரணம். பெண் பெயர் ஓலைக்கு வரும் என்ற பயமே அவர்களுக்கு இருந்ததில்லை.

இங்கே ஒரு நுணுக்கம். ஊர்ப் பொருளைத் திருடியவரா இவர்? கல்வெட்டு அப்படிச் சொல்லவில்லை. பிறர் பொருள் அபகரித்தவர்களுக்கு வேறு வாசகம் இருக்கிறது. இவர் கணக்குக் காட்டாதவர், அவ்வளவுதான். இந்த ரகத்தை அறியாத தமிழர் இல்லை. எங்கள் தெருப் பிள்ளையார் கோயிலுக்குக் கும்பாபிஷேகம் நடந்தபோது பொருளாளராக இருந்த பெரியவரிடம் கணக்குக் கேட்டோம். “எல்லாம் டைரியில் இருக்கு” என்றார். டைரி பீரோவில் இருந்தது. பீரோச் சாவி மகளோடு புக்ககத்தில் இருந்தது. மூன்று வருஷம் அந்தச் சாவி திரும்பவில்லை. மனிதர் ஒரு பைசா எடுத்திருக்க மாட்டார் என்று இன்றைக்கும் நம்புகிறேன். ஆனால் அவரைத் தெருவில் பார்த்தால் நாங்கள்தான் கூச்சப்பட்டு வேறு பக்கம் திரும்பினோம். கணக்குக் காட்டாதவரின் சாமர்த்தியமே அதுதான். கேட்பவருக்கு வெட்கம் வந்துவிடும்.

உத்திரமேரூர்க்காரர்கள் அந்த வெட்கத்தை இடம் மாற்றினார்கள். இந்த வாசகத்தில் அவருக்குச் சிறையில்லை, கசையடியில்லை. அவர் கணக்குக் காட்டாதவரை அவருடைய அத்தை மகன் வாரியத்துக்கு வர முடியாது, தீர்ந்தது. இனி சபை கேட்க வேண்டாம், அத்தை கேட்பாள். திவசத்துக்கு வந்தாலும் கேட்பாள், சீமந்தத்துக்கு வந்தாலும் கேட்பாள். “உன்னால்தான்டா என் பிள்ளைக்கு ஊரில் மரியாதை இல்லை” என்று பந்தியில் எல்லார் முன்னிலையிலும் மூக்கைச் சிந்துவாள். எந்தத் தணிக்கை அதிகாரியும் அத்தைக்கு ஈடாக மாட்டார்.

தள்ளுபடிப் பட்டியல் இன்னும் நீளுகிறது. பஞ்சமா பாதகங்களில் முதல் நாலைச் செய்தவர்கள், சொல்லவே வேண்டாம், உறவோடு அவுட். சாகசியர் கூடாது. இன்று சாகசம் என்றால் சினிமாவில் ஹெலிகாப்டரிலிருந்து குதிப்பது. அன்று அடாவடி. கூடலேகை செய்தவர் கூடாது; கள்ளப் பத்திரம் எழுதியவர் என்று பொருள். பத்திரம் ஓலையில் இருந்த காலத்திலேயே கள்ளமும் ஓலையில் இருந்திருக்கிறது. கழுதை ஏறினவர் கூடாது. தண்டனையாகக் கழுதைமேல் ஏற்றி ஊர்வலம் விடப்பட்டவர் என்றுதான் இதைக் கொள்ள வேண்டும். வண்டி கிடைக்காத அவசரத்தில் ஏறிப்போனவரைக் கல்லில் வெட்டிப் பழிவாங்கியிருக்க மாட்டார்கள்.

எனக்கு மிகவும் பிடித்தவர் கிராம கண்டகர். கண்டகம் என்றால் முள். ஊருக்கு முள்ளாக இருப்பவர். இதற்குக் குற்றப்பத்திரிகை வேண்டாம், சாட்சி வேண்டாம், ஊரில் யாரைக் கேட்டாலும் கை தானாக ஒரு வீட்டைக் காட்டும். அவர் பிராயச்சித்தம் செய்து சுத்தமாகிவிடலாம். சாஸ்திரம் ஏற்றுக்கொள்ளும். ஆனால் வாரியத்துக்கு மட்டும் உயிர் உள்ளவரை கிடையாது. தெய்வம் மன்னித்துவிட்டது, சந்தோஷம், போய்வாரும் என்று வாசலோடு அனுப்பியிருக்கிறார்கள்.

இவ்வளவு பேரையும் கழித்த பிறகு மிச்சமிருந்தவர்கள் பெயர்தான் குடத்துக்குள் போனது. ஊரில் 30 குடும்புகள். வார்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். குடும்பு வாரியாகத் தகுதியுள்ளவர் பெயரை எல்லாம் ஓலையில் எழுதி, வாயோலை பூட்டிக் கட்டாக்கிக் குடத்தில் இடுவார்கள். இது வாக்குச் சீட்டு என்று நாம் சொல்லிக்கொண்டு திரிகிறோம். யாரும் யாருக்கும் வாக்குப் போடவில்லை. இது சீட்டுக் குலுக்கல். மாதம் ஒருவருக்குச் சீட்டு விழுமே, அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது. தேர்தல் என்று வைத்தால் யார் ஜெயிப்பார் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது: பந்து அதிகம் உள்ளவர். அதனால் முடிவை அதிர்ஷ்டத்திடம் விட்டார்கள். அதிர்ஷ்டத்துக்கு அத்தை மகன் கிடையாது.

அந்தக் குலுக்கலையும் அவர்கள் நம்பவில்லை என்பதுதான் வேடிக்கை. இரண்டாம் கல்வெட்டின் நடைமுறையைப் பாருங்கள். மகாசபை பாலரும் முதியவரும் உட்பட நிரம்பக் கூட வேண்டும். ஊரில் இருக்கிற கோயில் நம்பிமார், அதாவது அர்ச்சகர்கள், ஒருவர் பாக்கியில்லாமல் மண்டபத்தில் வந்து உட்கார வேண்டும். அவர்களில் மூத்தவர் எழுந்து நின்று, குடத்தை எல்லாரும் பார்க்கும்படி தூக்கிப் பிடிக்க வேண்டும். உள்ளே என்ன இருக்கிறது என்றே தெரியாத ஒரு சிறுவன் ஒரு கட்டை எடுப்பான். அதை அவிழ்த்து, வேறு குடத்தில் போட்டு, குலைத்து, மறுபடியும் ஓர் ஓலையை எடுப்பான். எடுத்ததை மத்தியஸ்தன் கையில் கொடுப்பான். மத்தியஸ்தன் எப்படி வாங்க வேண்டும் தெரியுமா? ஐந்து விரலையும் அகல விரித்து, உள்ளங்கையில் ஏற்றுக்கொள்ள வேண்டும்.

ஐந்து விரல்! அதைப் படித்ததும் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுச் சிரித்தேன். விரல் இடுக்கில் இன்னோர் ஓலையைச் செருகிக்கொண்டு வந்து மாற்றிவிட்ட ஒரு கை, அதற்கு முன்னால் ஏதோ ஒரு வருஷம் அந்த மண்டபத்தில் இருந்திருக்க வேண்டும். ஜாலவித்தைக்காரனிடம்தான் கையை விரித்துக் காட்டு என்போம். அப்புறம் மத்தியஸ்தன் பெயரை வாசிப்பான். வாசித்தால் போதாது. அதே ஓலையை அங்கே இருக்கிற நம்பிமார் எல்லாரும் ஒருவர் விடாமல் வாசிக்க வேண்டும். ஓலையில் ஒரு பெயர் இருக்க, வாயில் வேறு பெயர் வந்த சம்பவமும் நடந்திருக்கிறது என்று தெரிகிறது. 30 குடும்புக்கும் இப்படியே. அந்தச் சிறுவனை நினைத்தால்தான் பாவமாக இருக்கிறது. குடத்துக்குள் கை விடும் விளையாட்டு என்று கூட்டிவந்திருப்பார்கள். ஒரு பெயரை இத்தனை பேர் வாசித்து முடிப்பதற்குள் தூணோரம் தூங்கியிருப்பான்.

வந்த 30 பேரில், முன்பே தோட்ட வாரியமும் ஏரி வாரியமும் பார்த்தவர்கள், வயதிலும் படிப்பிலும் பெரியவர்கள் 12 பேர் சம்வத்சர வாரியம். மேல்மட்டம். அடுத்த 12 பேர் தோட்ட வாரியம். மிஞ்சிய 6 பேர் ஏரி வாரியம். தோட்டத்துக்கு 12, ஏரிக்கு 6! தோட்டத்தில் மாங்காயாவது கிடைக்கும், ஏரியில் சேறுதானே என்று நினைக்கத் தோன்றுகிறது. ஆனால் சேற்றில் கால் வைக்காமல் மேல்மட்டத்துக்கு வர முடியாது என்று வைத்தார்களே, அதற்கு ஒரு கும்பிடு போடலாம். பொன்னின் மாற்றுப் பார்க்கப் பொன் வாரியத்துக்கு 6 பேர், பஞ்சவார வாரியத்துக்கு 6 பேர், இதற்குத் தனிக் குலுக்கல். பஞ்சவாரம் என்றால் என்ன என்பதில் அறிஞர்கள் இன்னும் அடித்துக்கொள்கிறார்கள். அந்த 6 பேருக்காவது தெரிந்திருக்கும் என்று நம்புவோம்.

பதவிக்காலம் 360 நாள். நடுவில் யாராவது தப்புச் செய்தால்? அபராதம் கண்டபோது அவரை ஒழித்துவிட வேண்டும். ‘கண்டபோது’ என்பதுதான் வார்த்தை. விசாரணைக் கமிஷன், அதற்கு ஆறு மாத அவகாசம், மேலும் ஆறு மாத நீட்டிப்பு எதுவும் இல்லை.

மற்றபடி அவர்கள் வேலை நம் பேரூராட்சி வேலைதான். வைரமேக தடாகம் என்று பல்லவர் காலத்து ஏரி. அதில் தூர் சேரும். எடுக்க வேண்டும். எடுத்த மண்ணைக் கரையில் போட வேண்டும். மழை வரும். மறுபடி தூர் சேரும். தூர் எடுக்கவென்றே நிதி வைத்துவிட்டுப் போன புண்ணியவான்களின் கல்வெட்டுகள் அந்த ஊரில் இருக்கின்றன. வரி கட்ட வேண்டும், கட்டவைக்க வேண்டும். பொன் மட்டமா என்று உரைத்துப் பார்க்க வேண்டும். இதை எழுதினால் எந்தப் பாடப்புத்தகமும் படம் போடாது. வாரியம் என்ற சொல்லை மட்டும் நாம் பத்திரமாக எடுத்துவந்தோம். மின்வாரியம், குடிநீர் வாரியம், வீட்டு வசதி வாரியம். குடத்தையும் ஐந்து விரலையும் அங்கேயே வைத்துவிட்டோம்.

இதே போல இடம் பெயர்ந்த இன்னொரு சொல் மன்றாடுதல். அதற்குத் தெற்கே போக வேண்டும். திருநெல்வேலிப் பக்கம் மானூர். உத்திரமேரூருக்கு 100 வருஷத்துக்கு மேல் முந்தியது, பாண்டியன் மாறஞ்சடையன் காலம், சுமார் 800. அந்த ஊர்ச் சபையும் ஒரு விதி செய்து கல்லில் வெட்டியிருக்கிறது. சபையில் யார் மன்றாடலாம் என்பதற்கு அங்கே நிபந்தனைகள். மன்றாடுதல் என்றால் மன்றத்தில் எழுந்து பேசி விவகாரம் பார்ப்பது. இன்று ஜாதிச் சான்றிதழுக்காக ஜன்னலுக்கு வெளியே நின்று நாம் செய்வதற்கும் அதே பெயர். சொல் மாறவில்லை, நாம் நிற்கிற பக்கம்தான் மாறியிருக்கிறது.

மானூரின் அசல் மாணிக்கம் வேறு. எந்தக் காரியத்தைச் சொன்னாலும் ‘அன்று, அன்று’ என்று மறுத்துக் குத்துக்கால் செய்பவர்களுக்கு 5 காசு தண்டம். அவர்களுக்கு ஒத்தாசையாக இருப்பவர்களுக்கும் அதே. குத்துக்கால்! முட்டுக்கட்டையைவிட நல்ல சொல். காலை ஊன்றிக்கொண்டு நகரமாட்டேன் என்று நிற்கிற மனிதரைக் கண்ணில் காட்டிவிடுகிறது. வாய்க்கால் வெட்டலாமா? அன்று. சரி, வெட்ட வேண்டாமா? அதுவும் அன்று. அந்த மகானுபாவர் யாராக இருந்தாலும், 1200 வருஷம் நிற்கும்படி சபையை வெறுப்பேற்றியிருக்கிறார். எங்கள் குடியிருப்போர் சங்கத்தில் அவருடைய வாரிசு ஒருவர் இருக்கிறார். பெயர் சொல்ல மாட்டேன். 5 காசு தண்டம் போடலாம் என்று நான் முன்மொழிந்தேன். அவர் ‘கூடாது’ என்றார்.

இதற்கு நடுவில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் வாட்ஸப் பொய்க்கு நானும் பங்காளி ஆவேன். உத்திரமேரூரில் குடத்துக்குள் போன பெயர் எல்லாம் நிலமுள்ள பிராமண ஆண்களின் பெயர். சதுர்வேதிமங்கலம் அவர்களுக்காகக் கொடுக்கப்பட்ட ஊர். ஏரியில் நிஜமாகவே இறங்கிக் கூடையில் சேறு சுமந்தவன் பெயர் ஓலையில் ஏறவில்லை. கணக்குக் காட்டாதவரின் அத்தை மகனாக இருந்திருந்தாலாவது ‘கூடாது’ என்ற இடத்தில் ஒரு மூலை கிடைத்திருக்கும். அந்தப் பாக்கியமும் இல்லை.

அரசியல் இந்த ஊர்க்காரர்கள் தலைக்கு மேலே நடந்துகொண்டிருந்தது. 949-இல் தக்கோலத்தில் பராந்தகனின் மகன் இராஜாதித்தன் போரில் செத்தான். ராஷ்டிரகூடக் கிருஷ்ணன் தொண்டை மண்டலத்தைப் பிடித்துக்கொண்டான். உத்திரமேரூரும் அவன் கைக்குப் போயிற்று. ராஜா மாறினால் கல்வெட்டின் முதல் வரியில் பெயர் மாறும். ஏரியில் தூர் சேர்வது கிருஷ்ணன் வந்தாலும் நிற்காது.

கடைசியாகக் கணக்கருக்கு வருகிறேன். சபை அவரையும் விடவில்லை. அர்த்த சௌசம் உள்ள மத்தியஸ்தனே கணக்கு எழுத வேண்டும். எழுதியவர் பெருமக்களிடம் கணக்கைக் காட்டி, சுத்தன் என்று பெயர் வாங்குகிறவரை மறுபடி அந்த வேலைக்கு வரக் கூடாது. தான் எழுதிய கணக்கைத் தானே வந்து காட்ட வேண்டும். வேறொரு கணக்கனை உள்ளே விட்டுக் கணக்கை முடிக்கக் கூடாது. ‘இது பழைய கணக்கர் எழுதியது, எனக்குத் தெரியாது’ என்ற அமர வாசகத்தை அந்த மண்டபத்தில் யாரோ சொல்லிக் கேட்டு நொந்திருக்கிறார்கள்.

குலுக்கலில் வந்த பெருமக்கள் எவர் பெயரும் இந்தக் கல்வெட்டுகளில் இல்லை. கணக்குக் காட்டாதவர் பெயர் இல்லை, அவருடைய அத்தை மகன் பெயர் இல்லை, விரலிடுக்கில் ஓலை செருகியவர் பெயர் இல்லை. துஷ்டர் கெட்டு மற்றவர் நன்றாக இருக்க வேண்டும் என்று எல்லாம் முடிந்தபின், பெருமக்கள் பணிக்க எழுதினேன் என்று ஒருவர் மட்டும் தன் பெயரை ஊர் சகிதம் முழு நீளத்துக்குப் போட்டிருக்கிறார். மத்தியஸ்தன் காடாடிப்போத்தன் சிவக்குறி இராஜமல்லமங்கலப்பிரியன். ஓலையை ஐந்து விரல் விரித்து வாங்க வேண்டும், கணக்கைத் தானே வந்து காட்ட வேண்டும் என்று மத்தியஸ்தர்களைப் பற்றிச் சபை சொல்லச் சொல்ல, ஓர் எழுத்து விடாமல் எழுதிக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் அவர்தான்.